குளவிக்கு வைத்த சிவப்பு

மெட்ரோவில் பக்கத்துப் பெண் நகப்பூச்சுப் புட்டியைத் திறந்ததும், இடித்துத் தள்ளிய எங்கள் தில்லி அரசுக் குடியிருப்பின் பால்கனி அந்த நெடியோடு வந்துவிட்டது. தன் நகத்தில் ஒருநாளும் பூசாத சிவப்பை, வெயில் ஏறுமுன் ஸ்டூலில் ஏறி, மேல்மூலைக் கூட்டில் மந்தமாக இருக்கும் குளவிகளின் முதுகில் துடைப்பக்குச்சியால் புள்ளி புள்ளியாக வைப்பாள் அம்மா, எது இரைக்குப் போகிறது, எது சண்டைக்கு நிற்கிறது, எது சும்மா இருக்கிறது என்று பகலெல்லாம் பார்ப்பதற்காக. அவளுக்கு முன் இங்கே யாரும் அப்படிப் பார்த்ததில்லை. பூச்சிக்கு ஏது தனிக்குணம் என்று அவள் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தில் மற்றவர்கள் சிரித்ததால்தான் அந்த வேலை வீட்டுக்கு வந்தது.

தீபாவளிக்கு முன் வெள்ளையடிக்க வந்தவர், கூட்டைக் கலைக்கச் சொல்லி "ஜல்தி, மேடம்" என்று அவசரப்படுத்தினார். அம்மா கூட்டுக்கு நேர்கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்த மூலை ரெஹ்னே தோ, பையா" என்று அதை விட்டுவிடச் சொன்னவள், என் பக்கம் திரும்பி, "இதுல ஒவ்வொண்ணையும் எனக்குத் தெரியும். தெரியாதவங்க சொல்லி நான் எதுக்குக் கலைக்கணும்?" என்றாள். கட்டடம் இடியும்வரை அந்த மூலை மட்டும் வெள்ளை காணவில்லை.

இப்போது என் வீட்டுப் பால்கனியிலும் குளவி கூடு கட்டியிருக்கிறது. அதைக் கலைக்க நாளை ஆள் வருவதாகக் குடியிருப்புச் சங்கத்தார் சொல்லியிருக்கிறார்கள். வரட்டும். நாற்காலி போட்டாயிற்று.