டி மேஜர்காரர்

அட்டைப்பெட்டி ஆலையில் அவருக்குப் பேர் டி மேஜர்காரர். வெட்டு எந்திரத்தில் இருபத்தாறு வருஷம் நின்றவர். சனிக்கிழமை மத்தியானம் சரக்குக் கிடங்கில் ஏழு பேர் கூடி வாசிக்கும் குழுவில் அவர்தான் வயலின். எந்தப் பாட்டை எடுத்தாலும் டி மேஜர் சுருதியில்தான் வாசிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்பார். அதனால் ஒட்டிக்கொண்ட பேர்.

ஒரே பாட்டை மேலே ஏற்றியும் வாசிக்கலாம், கீழே இறக்கியும் வாசிக்கலாம். ஆனால் டி மேஜரில் வைத்தால் வயலின் தானாகப் பேசும். விரலே வைக்காமல் இழுத்தாலும் நாலு கம்பியும் அந்த மேஜருக்கு உரிய சுரத்தைத்தான் கொடுக்கும். ஒன்றை இழுத்தால் பக்கத்துக் கம்பியும் சேர்ந்து முனகும். துலக்கிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருக்கும் குரல்.

ஊதுகிறவனுக்கு அதே டி மேஜர் எமன். அவருடைய தங்கை புருஷன் ட்ரம்பெட் வாசிப்பவர். அந்தக் கருவியில் டி மேஜர் என்றால் நாலு ஷார்ப், நாலு சுரத்தை அரைச்சுரம் ஏற்றிப் பிடிக்கவேண்டும்; விரலும் உதடும் ஒன்றோடொன்று சண்டை போடும். அரைச்சுரம் மேலே, ஈ ஃப்ளாட்டுக்குப் போனால் போதும், எண்ணெய் விட்ட கதவு மாதிரி திறக்கும். குரலும் கனத்து உருண்டு வரும்.

"மச்சான், உனக்குப் புண்ணியமாப் போகும். ஒரே ஒரு பாட்டு ஈ ஃப்ளாட்ல வாசியேன். உதடு வீங்கிப்போச்சுய்யா."

"வீங்கட்டும் மாப்ள. அந்த மூஞ்சிக்கு அப்படியாவது ஒரு எடுப்பு வரட்டும்."

"இந்தப் பிடிவாதம் பிடிச்ச ஆளு தங்கச்சியப் போய்க் கட்டினேன் பாரு!"

கிடங்கே சிரிக்கும். அவரும் சிரிப்பார். கையை மட்டும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்வார்.

சங்கதி அந்தக் கையில்தான் இருந்தது. குழு தொடங்குவதற்கு முந்தின வருஷம் எந்திரத்தின் கத்தி இடது சுண்டுவிரலின் அடியில் இறங்கிவிட்டது. தையல் போட்டார்கள். விரல் தங்கியது, மடங்கவில்லை. "வெறும் தோல்தான்" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டார். வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும். குழுவுக்குத் தெரிந்தால் 'ஐயோ பாவம்' என்று சொல்லிக் கையில் தாளத்தைக் கொடுத்து ஓரமாக உட்காரவைத்துவிடுவார்கள் என்று பயம். டி மேஜரில் அந்த விரல் இல்லாமலே சமாளிக்கலாம். சுண்டுவிரல் தரவேண்டிய சுரத்தை அடுத்த கம்பி சும்மாவே தந்துவிடும். ஈ ஃப்ளாட்டில் அந்தச் சலுகை கிடையாது.

இப்படியே பத்து வருஷம் ஓடியது. பிறகு தங்கை புருஷனுக்கு நுரையீரல் கெட்டது. படுக்கையில் கிடந்தவர் இவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என்னை அடக்கம் பண்றப்போவாவது என் பாட்டை ஈ ஃப்ளாட்ல வாசிங்க. நீயும் வாசிக்கணும் மச்சான். சும்மா நிக்கக் கூடாது."

"வாசிக்கிறேன் மாப்ள."

அப்போதும் விரலைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை உயிர் போனது. வியாழன் பத்து மணிக்கு அடக்கம். ஆலையில் எடைமேடைக் கணக்கர்தான் குழுவுக்கு மாஸ்டர். அவர் கறாராகச் சொன்னார்: "அவர் கேட்டபடி ஈ ஃப்ளாட். ட்ரம்பெட் இல்லாததால அந்த வரியை நீங்கதான் எடுக்கணும். பிடிவாதம் பிடிக்கிறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"எடுக்கிறேன் மாஸ்டர்."

புதன்கிழமை சமையலறையில் நின்று மூன்று விரலால் பார்த்தார். நாலாவது விரல் விழவேண்டிய இடமெல்லாம் மூன்றாவது விரல் வழுக்கிக்கொண்டு போய், சுரம் இளித்தது.

"பேசாம உண்மையைச் சொல்லிடுங்களேன். யாரு அடிக்கப்போறா?" என்றாள் வீட்டுக்காரி.

"பொணத்தை நடுவுல வச்சுக்கிட்டு என் விரல் கதையா பேசச் சொல்ற?"

எரிச்சலில் கம்பி முறுக்கும் பிருடையைத் திருகினார். கொஞ்சம் கூடிப்போய்விட்டது. கம்பி டி-யைத் தாண்டி ஈ ஃப்ளாட்டில் போய் நின்றது. கை அப்படியே நின்றது. மற்ற மூன்று கம்பிகளையும், அறுந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதே அரைச்சுரம் ஏற்றினார். பழைய டி மேஜர் விரல்களையே வைத்து வில்லைப் போட்டார். வந்தது ஈ ஃப்ளாட். உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வியாழன் அன்று குழிக்குப் பக்கத்தில் ஆறு பேர் நின்றார்கள். இறுகிய கம்பியில் குரல் கொஞ்சம் விறைப்பாகத்தான் வந்தது, ஆனாலும் பிசகவில்லை. கூட ஊதியவர்களின் குரல் அடியில் கனமாக வந்து தாங்கியது. பத்து வருஷம் டி மேஜரில் துள்ளிக்கொண்டிருந்த பாட்டு முதல்முறையாகத் தலைகுனிந்து நடந்தது. பெட்டி இறங்கி முடியும்வரை வாசித்தார்.

மண் போட்டுவிட்டு எல்லாரும் திரும்பும்போது தங்கை எதிரே வந்து நின்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

"நல்லா வாசிச்சே அண்ணே."

அவர் தலையை ஆட்டினார்.

"இவ்வளவு நல்லா வருதே. அவர் உசுரோட இருந்தப்போ ஒரே ஒரு நாள் வாசிச்சிருக்கக் கூடாதா? வாயெல்லாம் புண்ணாகி வருவாரு. நான்தான் மருந்து போடுவேன். உனக்கு அது விளையாட்டாப் போச்சு, இல்ல?"

மாஸ்டர் வேறு பக்கம் பார்த்தார். மற்றவர்கள் செருப்பிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வாய் திறக்காமல் வீட்டுக்குப் போனால் ரகசியம் பிழைத்துக்கொள்ளும். செத்தவனைச் சாகும்வரை வதைத்த பிடிவாதக்காரன் என்ற பேரும் அதோடு நிலைக்கும்.

வயலினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இடது கையை அவள் முன்னால் நீட்டினார். விரல்களை மடக்கினார். மூன்று மடங்கின. சுண்டுவிரல் குச்சி மாதிரி நின்றது.

"எப்போலேருந்து?"

"குழு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலேருந்தும்மா."

"அப்போ இன்னைக்கு எப்படி?"

"கம்பியை ஏத்திக் கட்டினேன். அவ்வளவுதான்."

அவள் அந்த விரலைப் பிடித்து மடக்கிப் பார்த்தாள். மடங்கவில்லை.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. திட்டிக்கிட்டேதான் போனான்."

"கம்பியை ஏத்திக் கட்டலாம்னு பத்து வருஷமாவா உனக்குத் தோணலை?"

"நேத்துதாம்மா தோணுச்சு" என்றார்.

அவள் விரலை விடவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.