மதினி இடிக்காத புற்று

பகல் பதினொன்றரைக்குச் செய்தி வந்தது. பாளையங்கோட்டையில் என் அலுவலகத் தொலைபேசியில் மைமூனம்மாள் பேசினாள். சங்கரன்கோவிலில் மதினியின் பக்கத்து வீட்டுக்காரி.

"தம்பி, உங்க மதினி போயிட்டாவ. ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். வீட்டுக்குக் கொண்டு போகலாம்னா அங்க பாதிக் கூரை இல்லையே. மழை வேற தூறுது. எங்கன கிடத்த?"

மதினியின் வீட்டு முன்னறையிலேயே கிடத்தச் சொன்னேன்.

மதினி பெயர் பேச்சித்தாய். என் அண்ணன் மனைவி. விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றினாள். பிள்ளைகள் இல்லை. அண்ணன் காசநோயில் இறந்த பிறகு அவளை என்னோடு வந்துவிடச் சொன்னேன். "உங்க வீட்டு அடுக்களையில நான் எந்த மூலையில நிக்க? எனக்குன்னு ஒரு வீடு இருக்குல்லா" என்றாள். இரண்டு அறை ஓட்டு வீடு. அதில் சாகும்வரை இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் எதையும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

தெருக்கோடியில் ஒரு வீடு எரிந்த வருடம், ஏஜெண்ட் சங்கரபாண்டி வந்து அந்த வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்க வைத்தார். பாலிசி ஆங்கிலத்தில் இருந்தது. "வீட்டுக்கு என்ன ஆனாலும் கம்பெனி பாத்துக்கிடும் அக்கா" என்பதே அவர் சொன்ன தமிழ். தறிக்கூடத்துப் பெண்கள் கேலி செய்யாமல் விடவில்லை.

"ஏட்டி பேச்சி, உன் வீடு ஒழுகுனா கம்பெனிக்காரன் வந்து குடை பிடிப்பானா?"

"பிடிப்பான். நீ நனைஞ்சுக்கிட்டே வேடிக்கை பாரு."

வீட்டின் பின்சுவரை ஒட்டி ஒரு புற்று இருந்தது. மதினி வெள்ளிக்கிழமை தோறும் அதற்கு மஞ்சள் தெளித்துப் பால் ஊற்றுவாள். சுவர் பூச வந்த கொத்தனார் நல்லகண்ணு, அதை இடித்து மருந்து ஊற்றாவிட்டால் கரையான் உத்திரத்துக்கு ஏறிவிடும் என்று எச்சரித்தார்.

"கோயில் புத்துமண்ணை ஊரே நெத்தியில பூசுது. நான் மட்டும் கடப்பாரையைத் தூக்கணுமாக்கும்? போவே, சோலியைப் பாரும்."

எண்பத்து நாலு ஐப்பசியில் காற்றும் மழையுமாக அடித்த ஒரு நாள் பின்னறைக் கூரை சரிந்தது. மதினி அப்போது தறிக்கூடத்தில் இருந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கலங்கவே இல்லை. உடையாத ஓடுகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். "கம்பெனி இருக்கு தம்பி" என்றாள்.

கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்தார். மதினி அவருக்கு மோர் கொடுத்தாள். அவர் தன் குடை நுனியால் விழுந்து கிடந்த உத்திரத்தைக் குத்தினார். நுனி முழுவதும் உள்ளே போயிற்று; பொடி கொட்டியது. பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"இந்தப் புத்து எவ்வளவு காலமா இருக்கும்மா?"

மதினியின் முகம் மலர்ந்தது. "நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து இருக்கு சார். ஒரு வெள்ளி விட்டதில்ல. எத்தனையோ பேர் இடிக்கச் சொன்னாவ. நான் தொடவிடலை."

வீட்டை எவ்வளவு பொறுப்பாக வைத்திருந்தாள் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி அவளிடம் இல்லை. அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். மோரை முழுவதும் குடித்தார்.

இழப்பீடு கிடையாது என்று பதில் வந்தது. அன்றுதான் அந்தப் பாலிசி முதன்முதலாக என் கைக்கு வந்தது. தமிழில் சொல்லிக் காட்டினேன். தீ, இடி, புயல், வெள்ளம் என்றால் கொடுப்பார்கள். நாளடைவில் நேரும் தேய்மானம், பூச்சி அரிப்பு, தெரிந்தும் சரிசெய்யாமல் விட்டது என்றால் கொடுக்க மாட்டார்கள்.

"அன்னைக்குக் காத்து அடிச்சுதே?"

"நல்ல உத்திரமா இருந்திருந்தா அந்தக் காத்துக்கு விழாதுன்னு எழுதியிருக்காங்க மதினி."

"அப்போ ஒரேயடியா அழிஞ்சாத்தான் குடுப்பாங்க. கொஞ்சங்கொஞ்சமாத் தின்னா கிடையாது. உங்க அண்ணனும் கொஞ்சங்கொஞ்சமாத்தான் போனாரு."

சங்கரபாண்டியைக் கடைத்தெருவில் பார்த்துக் கேட்டேன். "கரையானுக்கு எந்த ஊர்லவே குடுக்கான்? நீரு படிச்சவருதானே" என்று சிரித்தார். சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் இன்னும் தாங்கவில்லை.

நான் ஓடு போட்டுத் தருகிறேன் என்றதற்கு, "நீங்க போட்டா அது உங்க வீடு" என்றாள். மிச்சம் நின்ற முன்னறையில் சாரலில் படுத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் பால் ஊற்றினாளாம். மைமூனம்மாள் கேட்டதற்கு, "அதுக்குப் பாலிசி வாசிக்கத் தெரியுமா?" என்றாளாம்.

தென்னங்கீற்று வாங்கி, நனைத்து, கிடுகு முடைந்து, தானே பின்னறையை மூடப் பார்த்தாள். அதற்குள் நெஞ்சில் சளி கட்டியது.

காரியம் முடிந்து இன்று மதினியின் வீட்டுக்குத் திரும்பினேன். முடைந்த கிடுகுகள் சுவரோரம் அடுக்கியிருக்கின்றன. ஒன்று பாதியில் நிற்கிறது. மீதிக் கீற்று இன்னும் தொட்டித் தண்ணீரில் ஊறுகிறது.