கைக்குட்டை கட்டிய வாய்

பெட்டியைத் திறப்பதற்கு முன்பே கைக்குட்டையை மூக்குக்குக் கீழே இறுக்கிக் கட்டியாகிவிட்டது. இரண்டு கையிலும் பருத்தி உறை. மாலை ஆறு மணிக்கு வங்கிக் கொள்ளைக்குக் கிளம்புகிறவர் மாதிரி உட்கார்ந்திருக்கும் இவர், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். "மூச்சை இழுங்க... அப்படியே பிடிங்க... ம், விடுங்க" என்று முப்பத்தோரு வருடமாக வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, அங்கே அவருக்கு 'மூச்சுப்பிடி சார்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

பெட்டியில் ஏழே ஏழு செப்புக் காசுகள். கடைத்தெருவுக்கென்று அடித்தவை அல்ல. இயந்திரத்தில் காசடிக்கத் தொடங்கிய காலத்தில், பெரிய மனிதர்களிடம் காட்டுவதற்காக, கண்ணாடியாய் மெருகேற்றிய அச்சில் சிலவற்றை மட்டும் தனியாக அடிப்பார்களாம். ப்ரூஃப் காசு என்பார்கள். இருநூறு வருடமாக எவர் மடியிலும் புழங்காதவை. குனிந்தால் முகம் தெரியும். இந்த ஏழு காசையும் சேர்க்க அவருக்குப் பாதி ஆயுள் ஆனது. வருடத்துக்கு இரண்டு சட்டைக்குமேல் எடுத்ததில்லை.

"செம்பு மறக்காதுங்க" என்பார். "ஒரு துளி எச்சில் தெறிச்சாப் போதும், அப்ப ஒண்ணும் தெரியாது. ரெண்டு வருஷம் கழிச்சுக் கரும்புள்ளியா வந்து நிக்கும்." ஆகவே பெட்டியைத் திறந்ததும் லென்ஸை உறையிலிருந்து எடுத்துக் காசு காசாகப் பார்ப்பார்; மூடும்வரை பேச்சே கிடையாது. எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான்.

மனைவி சும்மா விடமாட்டாள். "கடையில நீட்டினா ஒரு தீப்பெட்டி வராது, இதுக்கு இந்த ராஜ உபசாரம்! வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" அவர் கண்ணால் சிரிப்பார். கைக்குட்டைக்கு மேலே அது நன்றாகவே தெரியும்.

போன வருடம் அவளுக்கு இருமல் விடவேயில்லை. படம் எடுத்ததும் இவர்தான். "மூச்சை இழு... பிடி" என்றார். திரையில் படம் வந்தது. ஆயிரம் நெஞ்சுகளைப் பார்த்த கண்ணுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 'விடு' என்று சொல்ல மறந்து நின்றார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தாள்.

டாக்டரைப் பார்ப்பது மறுநாள்தான். வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றிய கையோடு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்துவிட்டார். வாசற்படியில் வந்து நின்று கேட்டாள்: "படத்துல ஏதாவது தெரிஞ்சுதா?"

இல்லை என்று தலையாட்டினார்.

அவள் பெட்டிப் பக்கம் பார்த்தாள். "லென்ஸ் இன்னும் உறைக்குள்ளயே இருக்கு" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் டாக்டர் சொன்னபோது அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்தாள். அப்புறம் நான்கு மாதம் இருந்தாள். அவளும் கேட்கவில்லை, இவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கட்டினவளிடம் ஒரு வார்த்தை உண்மை சொல்லத் துணியாத வாய் என்ன வாய் என்று இப்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

இன்றும் பெட்டி திறந்திருக்கிறது, லென்ஸ் உறைக்குள்ளேயே கிடக்கிறது. இருப்பதிலேயே அருமையான காசை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். வாசற்படியை ஒருமுறை பார்த்தார். கைக்குட்டையை அவிழ்த்து மடியில் போட்டார். காசில் தன் முகம் தெரியும் அளவுக்குக் குனிந்தார்.

"தெரிஞ்சுதும்மா" என்றார். "அப்பவே தெரிஞ்சுது."

செம்பில் இரண்டு துளி தெறித்தது. துடைக்காமல், அப்படியே வைத்துப் பெட்டியை மூடினார்.