நிற்காத சில்வண்டு

மதுரையில் பழுதுபார்க்கும் கடைக்காரர் என் கையடக்க வீடியோ கேம் கருவியின் பேட்டரி மூடியை நெம்பித் திறந்தார். துருப்பொடியோடு ஏல அரிசி ஒன்று, ஏலக்காய்க்குள் இருக்கும் விதை, உருண்டு மேசையில் விழுந்தது. சுருங்கிக் கறுத்திருந்தது. எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "சார் போடிப் பக்கமா?" என்றார். ஆமாம் என்றேன். இதைச் சரிபண்ணி யார் விளையாடப் போகிறார்கள் என்று கேட்டார். யாருமில்லை. வீடு மாற்றும்போது கிடைத்தது. எனக்குப் பிடிக்காத ஒரு விளையாட்டுக்கு நானே உயிர் கொடுக்க வந்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

விளையாட்டின் பெயர் வேண்டாம். முதல் பாகத்தை நேசித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் கருவியில் இருக்கும் இந்தப் பிந்தைய பாகத்தின் பேச்சை எடுத்தால் முகம் வாடிவிடும். முதல் பாகம் எனக்குக் கிடைத்தது பள்ளித் தோழன் காசிம் வீட்டில். போடியில் அவன் அத்தாவின் ஏலக்காய்க் கடைக்கு மேலே ஒரு அறை. சாக்குகளுக்கு நடுவே, கடைக் கணக்குக்காக வாங்கிய கம்ப்யூட்டர். பள்ளி விட்டதும் நாங்கள் அதற்குள் இருந்த மூடுபனிக் காட்டுக்குள் போய்விடுவோம். நான் வாள் வீரன், அவன் மந்திரக்காரன். கையில் ஒரு விளக்கு, அதில் கொஞ்சம் எண்ணெய். செத்தால் அன்று சேர்த்ததெல்லாம் போச்சு.

அந்தக் காட்டில் எதிரி வருவதற்கு மணியடிக்க மாட்டார்கள். சில்வண்டுச் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். சட்டென்று அது நின்றால் ஏதோ பக்கத்தில் வந்துவிட்டது. கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அசையாமல் இருக்க வேண்டும். நாங்கள் மூச்சையும் பிடித்துக்கொள்வோம், கம்ப்யூட்டருக்குக் கேட்டுவிடும் என்பது போல. கீழேயிருந்து அத்தா, மேலே ஆள் இருக்கிறீர்களா என்று கேட்பார். பதில் சொல்ல மாட்டோம். அந்த விளையாட்டைச் செய்தவர் எந்த நாட்டுக்காரரோ, ஒரு மலைக்காட்டில் நின்றவராகத்தான் இருக்க வேண்டும். போடிமெட்டுக்கு மேலே தோட்ட வேலைக்குப் போகிறவர்களும் யானைக்கு இதையேதான் சொல்வார்கள். வண்டு நின்றால் நில்லு.

நான் ஒரு நாளிதழில் பிழை திருத்திக்கொண்டிருந்த காலத்தில் புதிய பாகம் வந்தது, கையடக்கக் கருவிக்கென்றே. வாங்கிக்கொண்டு விடுமுறைக்குப் போடிக்கு ஓடினேன். காசிம் அப்போது அத்தாவின் தொழிலுக்கு வந்து, தானே ஜீப் ஓட்டித் தோட்டங்களிலிருந்து காய் இறக்கிக்கொண்டிருந்தான். ஒரு லோடு எடுக்கப் போனபோது கூடவே ஏறிக்கொண்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றச் சுற்ற விளையாடினேன். அந்தத் தலைசுற்றல் மட்டும்தான் அன்று விளையாட்டில் கிடைத்த பரபரப்பு. எதிரிகள் தலைக்கு மேல் சிவப்புக் குறியோடு நின்று காத்திருந்தார்கள். என் வீரன் செத்தால் அதே இடத்தில் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தான். சில்வண்டு நிற்கவே இல்லை. பூதம் எதிரே நின்றாலும் அது பாட்டுக்குக் கத்தியது. ஒரு துண்டுப் பதிவையே திருப்பித் திருப்பி ஓட்டியிருந்தார்கள். திரும்புகிற இடத்தில் 'டிக்' என்று ஒரு வெட்டு விழும். போதாததற்கு, கருவி பேட்டரி செல்களைத் தின்றது. மலை ஏறி இறங்குவதற்குள் புதுச் செல்லும் தீர்ந்துவிடும்.

இதைக் கிழித்துப் பத்திரிகையில் எழுதப்போகிறேன் என்றேன். "எழுது மாப்ளே. நம்ம ரெண்டு பேரும் படிப்போம்" என்றான் காசிம்.

மூட்டைகளோடு இறங்கும்போது மத்தியானம் தாண்டியிருந்தது. பனி இறங்கிவிட்டது. தோட்டத்துப் பாதையின் சரிவில், ஒரு வளைவை ஒட்டி, பாதையின் குறுக்கே ஒரு கிளை கிடந்தது. ஜீப்பின் ஹேண்ட்பிரேக் பேருக்குத்தான். கால் எடுத்தால் வண்டி உருண்டுவிடும். அதனால் காசிம் பிரேக்கில் காலை ஊன்றிக்கொண்டு, எஞ்சினை அணைத்தான். யானைச் சத்தம் இருக்கிறதா என்று காது கொடுக்கத்தான். நான் கருவியை வெறுப்போடு மூட்டைகளுக்கு நடுவே எறிந்துவிட்டு இறங்கினேன். அதை யாரும் அணைக்கவில்லை.

கிளை முறிந்த இடம் ஈரமாக இருந்தது. பட்டை உரிந்து நார் தொங்கியது. திரும்பிப் பார்த்தேன். பனியில் ஜீப் தெரியவில்லை.

"காசிம், வண்டு கத்துதா?"

"கத்துது. வெரசா இழு."

எனக்கும் கேட்டது. கிளையைப் பிடித்து இழுத்தேன். பாதையோரம் ஏலச்செடிகள் மிதிபட்டுச் சாய்ந்திருந்தன. நசுங்கிய தண்டின் பச்சை வாசம் எழுந்தது. அதற்கடியில் வேறொரு வாசம், நனைந்த வைக்கோலும் சாணமும் கலந்தது போல. அப்போது 'டிக்' என்று கேட்டது.

முதலில் எனக்குப் புரியவில்லை. மறுபடி 'டிக்'. சத்தம் முழுவதும் என் முதுகுப் பக்கமிருந்து, ஜீப்பிலிருந்து மட்டும் வந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் இல்லை. மேலே மரத்தில் இல்லை. பள்ளத்தில் இல்லை. காடு எப்போதோ வாயை மூடியிருந்தது.

கிளையைக் கையில் பிடித்தபடியே நின்றேன். கீழே போடவும் பயம். காசிமுக்கு எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தால் தீர்ந்தேன். அவனோ வண்டு கத்துகிற தைரியத்தில் எந்த நிமிஷமும் என்னைக் கூப்பிடலாம், ஹாரன் அடிக்கலாம். முன்னால் பனிக்குள் ஒரு காது விசிறியது. காதைப் பார்த்தேன் என்று எழுதினால் அது பொய். காற்று அசைந்ததுதான் தெரியும்.

கருவியின் செல் தீர்ந்தது. சில்வண்டு பாதிக் கத்தலில் நின்றது.

அவன் கூப்பிடவில்லை. ஹாரன் அடிக்கவில்லை. அந்த மாடி அறையில் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்போமே, அப்படியே அவன் அங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. பள்ளத்தில் செடிகள் ஒடிந்தன. பிறகு இன்னும் கீழே ஒடிந்தன. எங்கோ ஒரு வண்டு தயங்கித் தொடங்கியது. அப்புறம் எல்லாம்.

ஜீப்புக்கு வந்தேன். காசிமின் கால் இன்னும் பிரேக்கிலேயே ஊன்றியிருந்தது. "ஏறுடா. காலு நிக்க மாட்டேங்குது" என்றான். கருவியை மூட்டை இடுக்கில் தேடி எடுத்தபோது மூடி கழன்றிருந்தது. ஏல அரிசி அப்போதுதான் புகுந்திருக்க வேண்டும். விமர்சனத்தை நான் எழுதவே இல்லை.

மதுரைக் கடைக்காரர் புதுச் செல் போட்டார். திரை மங்கலாக எழுந்தது, சில்வண்டு கத்தியது. 'டிக்'. காசிமைப் போனில் பிடித்து, கருவியை அதனருகே வைத்தேன். அவன் இன்றும் அதே தோட்டங்களில் லோடு எடுக்கிறான். கொஞ்ச நேரம் கேட்டான்.

"அமத்துடா அதை" என்றான்.

அணைத்துவிட்டு, அந்த வளைவு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இப்போதெல்லாம் அங்கே வண்டே கத்துவதில்லையாம். தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடித்து அடித்து ஒன்றும் மிஞ்சவில்லை என்றான். யானை? அது வந்துகொண்டுதான் இருக்கிறதாம்.

"அப்ப பக்கத்துல நிக்குதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது மாப்ளே. பிரேக்குல வச்ச காலை எடுக்குறதில்ல, அம்புட்டுத்தான்."