பச்சை நிறத்தில் பல்லி உண்டா?

2016ஆம் ஆண்டு. தேதியை நான் குறித்துவைக்கவில்லை. ஆனால் ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை என்பதில் சந்தேகமில்லை. அன்று காலை அம்மா அந்த இரண்டையும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

எங்கள் வீடு வட அந்தமானில், திக்லிபூருக்கு வெளியே பாக்குத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. அப்பா மெயின்லேண்டுக்குப் போயிருந்தார். வீட்டில் அம்மா, பத்து வயதில் நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. முந்தின நாளிலிருந்தே அம்மாவுக்கு வயிற்றின் வலப்பக்கம் வலி. காலையில் பார்த்த டாக்டர் குடல்வால் வீங்கியிருக்கிறது, இன்றே போர்ட் பிளேரில் ஆபரேஷன் செய்ய வேண்டும், விட்டால் உள்ளே வெடித்துவிடும் என்றார். மழையில் ஹெலிகாப்டர் பறக்காது. ஆம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு போயிருந்தது. சித்தப்பா ஒரு ஜீப்பைப் பிடித்துவந்தார். தெற்கே, பழங்குடிகள் வாழும் காட்டின் வழியே போகிற பாதையில் வண்டிகள் போலீஸ் காவலோடு கான்வாயாகத்தான் போக முடியும். பிற்பகலில் கடைசிக் கான்வாய் கிளம்பியதும் கேட்டை மூடிவிடுவார்கள். பிறகு மறுநாள் காலைதான்.

துணிப்பையோடு அம்மா வாசலைத் தாண்டும்போது, நிலையின் மேலிருந்து ஒரு பல்லி அவள் உச்சந்தலையில் விழுந்தது. எங்கள் தீவின் பல்லி அது. வாழையிலைப் பச்சை, முதுகில் சிவப்புப் புள்ளிகள், பட்டப்பகலில் உலவும். தோளுக்குத் தாவி, சுவரைப் பிடித்து, மறுபடியும் நிலைக்கே ஏறிக்கொண்டது.

அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வரல தம்பி. தலையில விழுந்திருக்கு. ஆடிச் செவ்வா வேற. கிளம்பினா உசுரோட திரும்ப மாட்டேன்."

"அண்ணி, எந்திரிங்க. தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டா போச்சு."

"தண்ணி ஊத்தினாப் போதுமா? காஞ்சிபுரத்துத் தங்கப்பல்லியத் தொட்டவங்க கையத் தொடணும். இந்த ஊர்ல யாரு தொட்டிருக்கா?"

ஜீப்பிலிருந்து டிரைவர் ஹார்ன் அடித்தார். "பாபி, ஜல்தி! கேட் பந்த் ஹோ ஜாயேகா!" சீக்கிரம், கேட்டை மூடிவிடுவார்கள் என்று இந்தியில் கத்தினார். அம்மா வயிற்றை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டு குனிந்தாள். உதடுகள் வெளுத்திருந்தன.

சித்தப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் எந்த வாதத்திலும் தோற்றதில்லை. கப்பல் டிக்கெட் கவுண்டரிலும் கோயில் கமிட்டியிலும் அவர் வாயைத் திறந்தால் எதிராளி வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். அந்த ஆண்டுதான் பர்மாவில் கிடைத்த அம்பருக்குள் பல்லிகளும் ஓந்திகளும் இருப்பதாகச் செய்தி வந்தது. அம்பர் என்பது மண்ணுக்குள் கிடந்து கல்லாக இறுகிய மரப்பிசின். முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் சித்தப்பா அந்தப் படங்களை போனில் பெரிதாக்கி எனக்குக் காட்டியிருந்தார். ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுக்கு முன் பிசினில் சிக்கிய பல்லி. தோல் கலையவில்லை, விரலடி மடிப்புகள்கூட அப்படியே இருந்தன. "கீழ டைனோசர் நடந்துச்சு, மேல மரத்துல இது ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பச்சையோ சாம்பலோ, எல்லாப் பல்லியும் ஒரே வம்சம். விரலப் பாத்தாத் தெரிஞ்சுடும்" என்றிருந்தார்.

அதே சித்தப்பா இப்போது அம்மாவின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"அண்ணி, இது பல்லியே இல்ல."

அம்மா நிமிர்ந்தாள்.

"பச்சை நிறத்துல பல்லி உண்டா? நம்ம ராமநாதபுரத்துல பாத்திருக்கீங்களா? பல்லி ராத்திரியில வரும், இது பகல்ல திரியுது. இது ஓணான் ஜாதி. பல்லி பலன் எழுதினவன் அந்தமானுக்குக் கப்பல் ஏறி வந்தானா, இதுக்கும் சேத்து எழுதுறதுக்கு?"

"பல்லி இல்லையா?" அம்மா சுவரைப் பிடித்து எழுந்தாள். ஒரு கால் படியிறங்கியது.

"பல்லிதாம்மா!" என்றேன் நான்.

சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நிலையைக் காட்டினேன். "விரலப் பாருங்க. நுனி அகலமா இருக்கு. ஓணானுக்கு நகம் மட்டுந்தான். நீங்கதான சொன்னீங்க, ஒரே வம்சம்னு?" நிலையில் இருந்த பல்லி அந்த நேரம் பார்த்து நாக்கை நீட்டித் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "பாத்தீங்களா! இமை இல்ல. பல்லிதான் இப்படித் துடைக்கும்!"

அம்மாவின் கால் படியிலேயே நின்றது. ஹார்ன் மறுபடியும் அலறியது. சித்தப்பாவிடம் பதில் இருக்கும் என்று நான் காத்திருந்தேன். அவரோ அதுவரை நாங்கள் கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

"ஒரே வம்சம்னு நான் சொன்னது தப்பு, பாப்பா. போன்ல வந்தத நம்பி உளறிட்டேன். எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது."

அம்மா அவரையே பார்த்தாள். மழையில் நனைந்து, கை கூப்பாத குறையாக அவர் நின்றிருந்தார். "சரி தம்பி, பைய எடுங்க" என்று சொல்லிவிட்டு அவளே படியிறங்கினாள்.

வழியெங்கும் அம்மா முனகிக்கொண்டே வந்தாள். சாலையில் விழுந்து கிடந்த மரத்தை அகற்றும்வரை சித்தப்பா ஜீப்பைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். கான்வாயின் கடைசி வண்டியாக நாங்கள் நுழைந்ததும் பின்னால் கேட்டை இழுத்து மூடினார்கள். ஆபரேஷனை முடித்து வந்த டாக்டர், இன்று வராமல் இருந்திருந்தால் அம்மா இரவைத் தாண்டியிருக்க மாட்டாள் என்றார்.

அந்த அம்பர்களுக்குள் இருந்த உயிர்களில் ஒன்று பச்சோந்தியின் மூதாதை என்று முதலில் எண்ணப்பட்டது. அது பல்லி இனமே அல்ல, தவளைக்கும் அதன் வாலுள்ள சொந்தமான சாலமாண்டருக்கும் உறவான ஏதோ ஒன்று என்று 2020இல் திருத்தினார்கள். அதைப் படித்த அன்று அம்மாவிடம் ஓடிச் சொன்னேன்: படித்தவர்களே தடுமாறுகிறார்கள், சித்தப்பாவுக்கு அன்று தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை என்று.

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "என் தலையில விழுந்தது பல்லிதான்டி. கல்யாணமாகி வந்த நாளா இந்தப் பச்சைப் பல்லியப் பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் ஏறினீங்க?"

"என்ன வண்டியேத்தணும்னு அந்த மனுசன் உன்கிட்டயே தோத்தாருல்ல" என்றாள்.

அன்று ஜீப்பின் பின்சீட்டில் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் உட்கார்ந்திருந்த சித்தப்பாவின் முதுகைப் பார்த்தபடி வந்தேன். வாதத்தில் அவரை முதன்முதலாக வென்றவள் நான் என்ற பெருமை எனக்கு போர்ட் பிளேர் வரை குறையவில்லை.