இரு குரலில் ஒரு குதிரைப்படம்

பாரிஸின் புறநகரான பொபினிச் சந்தையில் இன்று பழைய டிவிடி படத்தட்டு ஒன்றின் உறையைத் திறந்தேன். வெயிலில் சூடேறிய பிளாஸ்டிக்கின் அந்த மணம், பாரிஸின் தமிழ்க்கடைத் தெருவான லா சப்பலில் அப்பாவும் பெரியப்பாவும் நடத்திய திரைப்பட டிவிடிக் கடைக்கு என்னை அழைத்துச் சென்றது. ஞாயிறுதோறும் அங்கே, குடும்ப மானத்துக்காகத் துப்பாக்கி ஏந்தும் சகோதரர்களைப் பற்றிய பழைய அமெரிக்கப் படமொன்று பிரெஞ்சில் ஓடும். பிரெஞ்சு அறியாத வாடிக்கையாளருக்காக மூத்தவனின் வசனத்தைப் பெரியப்பாவும் இளையவனின் வசனத்தை அப்பாவும் தமிழில் பேசுவார்கள்.

“டேய், குதிரையை அங்கை கட்டு!”

“ஓம் அண்ணை, கட்டுறன். நீங்கள் முதல்ல தொப்பியைக் கழட்டுங்கோ, ஆளே தெரியேல்லை!”

கடை சிரிப்பில் அதிரும்.

பின்னர் அவர்களுடைய ஒரே தங்கையான என் மாமி, ஒரு பிரெஞ்சுக்காரரை மணந்தார். அப்பா திருமணத்துக்குச் சென்றார். குடும்ப மானம் போயிற்றென்று பெரியப்பா அப்பாவோடு பேசுவதையே நிறுத்தினார். அடுத்த ஞாயிறும் படம் ஓடியது. தமிழ்க்குரல்கள் மட்டும் எழவில்லை.

“மூத்தவன் என்னவாம் சொல்லுறான்?” என்று கேட்டார் ஒரு வாடிக்கையாளர். அப்பா குனிந்து தட்டுகளை அடுக்கத் தொடங்க, பள்ளிச் சிறுமியான நான் மொழிபெயர்த்தேன்: “தம்பியை வீட்டை வரச் சொல்லுறான்.”

அப்பா நிமிர்ந்து பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா படத்தை நிறுத்திவிட்டு, மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அன்று கடையை அப்பா தனியாகவே பூட்டினார். மறுநாள் அதைத் திறக்க இருவருமே வரவில்லை.