கியர்த்தண்டு ஆடினால் என்ன?

ஓடும்போது என் காரின் கியர்த்தண்டு ஆடும். ஆக்சிலரேட்டர் மிதியை அழுத்தினால் விரல் அகலம் பின்னே சாயும். காலைத் தளர்த்தினால் இருந்த இடத்துக்குத் திரும்பும். இதை நான் ஒருபோதும் குறையாகக் கருதியதில்லை என்று எழுதிவிடலாம். அது பொய். இரண்டு மாதம் கருதியிருந்தேன்.

செங்கல்பட்டிலிருந்து, மாமல்லபுரத்தை அடுத்து நான் தமிழ் கற்பிக்கும் பள்ளிக்குப் பல்லாண்டுகள் இரண்டு பேருந்து மாறிச் சென்றவள் நான். நாற்பது கடந்தபின் உரிமம் பெற்றுப் பழைய கார் ஒன்றை வாங்கினேன். எங்கள் வீட்டில் அதற்குமுன் ஸ்டியரிங்கைத் தொட்ட பெண் இல்லை. முதல் நாள், வேன் ஓட்டும் என் அண்ணன் பக்கத்தில் அமர்ந்து வந்தார். திருக்கழுக்குன்றத்தைத் தாண்டுவதற்குள் அவர் கண் தண்டின்மேல் விழுந்தது.

"இன்னாமா, கியரு நடுங்கிகினு கீது? கியர் பெட்டி பூட்ச்சி. உனுக்கு எதுக்கு இந்தப் பேஜாரு? சாவிய எங்கிட்ட குட்த்துட்டு பழையபடி பஸ்ல போ."

நான் மறுத்தேன். அதனால் அவர் தம் வைத்தியத்தைச் செய்தார். சைக்கிள் டியூபைக் கீறி நாடாவாக்கி, தண்டின் கழுத்தைப் பின்னால் இழுத்து இருக்கையின் காலோடு கட்டினார். அவருடைய வேனில் எது ஆடினாலும் அதுவே மருந்து. தண்டு அடங்கியது. நானும் நன்றி சொன்னேன். அந்த நன்றிக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

மூன்றாம் கியர் தண்டை முன்னே தள்ளிப் போடுவது. டியூபோ ஓயாமல் பின்னே இழுத்தது. ஒருநாள் மாலை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பின்னால் பேருந்து ஒன்று நெருங்கி வர, கியர் தானாகக் கழன்றது. எஞ்சின் அலறியது, வண்டி இழுக்கவில்லை. ஓரம் கட்டித் தப்பினேன். செய்தி கேட்ட அண்ணன் அன்றே வந்து சாவிக்காகக் கை நீட்டினார். வீட்டாரும் கொடுத்துவிடு என்றனர். நாளை பார்க்கலாம் என்று சொல்லிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் சாலையோரப் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் முன்மூடியைத் திறந்து, என்னை அங்கே நிற்கச் சொல்லிவிட்டு, தாம் உள்ளே அமர்ந்து பிரேக்கை மிதித்தபடி கிளட்சைச் சற்றே விட்டார். எஞ்சின் முழுதும் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது.

"எஞ்சினு ரப்பர் கட்ட மேல குந்திகினு கீது டீச்சர். இழுக்கசொல்ல சாயும், வுட்டா நிமிரும். கியர் பெட்டி அதோட ஒட்டிகினு கீது, கியர் ராடும் கூடவே ஆடும். இதப் போயி எந்தப் புண்ணியவான் கட்னது?"

புண்ணியவான் யார் என்று நான் சொல்லவில்லை. ரப்பர்கள் கிழியவில்லை என்று அவர் பார்த்துச் சொன்னார். கிழிந்திருந்தால் தண்டு துள்ளுமாம், அடியில் இடிக்கும் ஓசையும் கேட்குமாம். ஓட்டும்போது கையைத் தண்டின்மேல் ஊன்றி வைத்தால்கூட உள்ளே தேயும் என்றார். அவருடைய கத்தியை வாங்கி நாடாவை நானே அறுத்தேன். அங்கிருந்து வீடுவரை கியர் ஒருமுறையும் கழலவில்லை.

அடுத்த நாள் காலை அண்ணன் வாசலில் நின்றார். மூடியைத் திறந்து காட்டுகிறேன் என்றேன். முப்பது வருஷமாக வண்டி ஓட்டுபவனுக்கு எஞ்சின் காட்டுகிறாயா என்று பார்க்க மறுத்தார்.

"சரி, பாக்காத. சாவி தரமாட்டேன். நம்பிக்கை இல்லன்னா பக்கத்துல உக்காந்து வா."

ஏறினார். ஊர் எல்லை தாண்டி நான் வேகம் கூட்டியதும் தண்டு சாய்ந்தது. அவர் கை அதைப் பிடிக்கப் போனது.

"கைய எடு அண்ணா."

"ஆடுதேமா."

"ஆடத்தான் செய்யும்."

கையை மடியில் வைத்துக்கொண்டார். மூன்றாம் கியரில் ஒரு லாரியைக் கடந்தேன். அவர் தண்டையே பார்த்திருந்தார். பள்ளி வாசலில் இறங்கியவர், பேருந்து நிறுத்தம் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். சாவியைக் கேட்கவில்லை.